கரைக்குக் காவல் எங்கே?

வாய்க்காலில் தண்ணீர் வந்தால்தான் நடவு ஆளுக்குக் கூலி; கூலி வந்தால்தான் அடுப்பில் உலை. தண்ணீருக்காக மனுக் கொடுத்து, மறியல் செய்து, சிறைக்கும் சென்ற மக்கள் நாம். அந்தத் தண்ணீரே வருஷந்தோறும் நம் வீட்டுப் பிள்ளைகளையும் பெண்களையும் வாரிக்கொண்டு போகிறது.

"குளிக்கச் சென்ற மாணவன் பலி", "கால் தவறி விழுந்த பெண் சாவு" என்று பத்திரிகையின் ஓரத்தில் நாலு வரி வருகிறது. ஆஸ்பத்திரியில் பிணத்தை அறுத்துக் கொடுக்கிறார்கள். போலீஸார் 'விபத்து' என்று எழுதிக் கட்டை மூடுகிறார்கள். ஊரார் 'விதி' என்று சொல்லிக் கலைகிறார்கள். அடுத்த வருஷம் அதே துறையில், அதே மதகடியில், இன்னொரு உயிர் போகிறது.

இது விதியா? ஒரே இடத்தில், ஒரே விதத்தில், ஒரே வகை மனிதர்களை மட்டும் தேடித் தேடிப் பிடிக்கிற விதி எங்கே இருக்கிறது?

மத்திய சர்க்காரின் குற்ற ஆவணக் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் ஏறத்தாழ 38,000 பேர். நாளொன்றுக்கு நூறு பேருக்கு மேல்! நூறு பேர் ஒரே ரயிலில் செத்தால் மந்திரிகள் பறந்து வருகிறார்கள். விசாரணைக் கமிஷன் போடுகிறார்கள். நூறு ஊர்களில் ஒவ்வொருவராகச் செத்தால் கேட்பாரில்லை. உலகம் முழுவதும் 2021-ல் சுமார் 3 லட்சம் பேர் இப்படி மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். ஏறத்தாழ நாலில் ஒன்று ஐந்து வயது நிரம்பாத குழந்தை.

காரணம் கண்கூடு. வீட்டில் குழாயும் குளியலறையும் உள்ளவர் வாய்க்காலில் துணி துவைப்பதில்லை. கக்கூஸ் உள்ள வீட்டுப் பெண் இருட்டில் கரையோரம் ஒதுங்குவதில்லை. ஆயா வைத்திருக்கும் வீட்டுக் குழந்தை தனியாகக் கிணற்றடிக்குத் தவழ்ந்து போவதில்லை. சாவு நீரில் நேர்ந்தாலும் அதற்கு வழி செய்வது வறுமை.

வாய்க்கால் எப்படிக் கொல்கிறது?

கல்லணைக் கால்வாய் 1934-ல், மேட்டூர் அணையோடு ஒட்டி வந்தது. தஞ்சையின் மேட்டு நிலங்களைக் கடந்து புதுக்கோட்டைச் சீமை வரையில் ஓடுகிறது. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரில் தொடங்கி 200 கிலோமீட்டர் ஓடி, ஈரோடு, திருப்பூர், கரூர் ஜில்லாக்களில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது. இந்தக் கரைகளில் எத்தனை ஊர்கள், எத்தனை காலனிகள், எத்தனை பள்ளிக்கூடங்கள்! தண்ணீர் ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆனால் வாய்க்காலைத் திட்டம் போட்டவர்கள் கன அடியையும் ஏக்கரையும் கணக்கிட்டார்கள். கரையில் குடியிருக்கும் மனிதரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பழைய மண் வாய்க்காலின் கரை படிப்படியாகச் சரியும். வழுக்கி விழுந்தவனுக்குக் கோரைப் புல்லோ வேரோ கைக்கு அகப்படும். இப்போது பல மைல் நீளத்துக்கு இரு புறமும் கான்கிரீட் போடுகிறார்கள். கசிவைத் தடுப்பதும் கடைமடைக்கு நீர் சேர்ப்பதும் தேவையா, எந்த அளவுக்குத் தேவை என்பது வேறு விவாதம். விழுந்தவன் ஏறி வர அந்தச் சரிவில் வழி இல்லை என்பது மட்டும் நிச்சயம். சரிவான கான்கிரீட்டில் நாலு நாளில் பாசி படர்கிறது. கால் வைத்தால் வழுக்குகிறது. கை வைத்தால் பிடிமானம் இல்லை. நீந்தத் தெரிந்தவனே கரையைத் தொட்டுத் தொட்டு வழுக்கிக் களைத்துப் போகிறான். குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு படிக்கட்டு, கைபிடிக்க ஓர் இரும்பு வளையம், குறுக்கே ஒரு சங்கிலி இருந்தால் அவன் பிழைப்பான்.

மதகடியும் நீரொழுங்கியும் இதைவிட மோசம். ஷட்டருக்கு மேல்புறம் தண்ணீர் அமைதியாகத் தோன்றும். அடியில் இழுவை இருக்கும். கீழ்புறம் நீர் விழும் இடத்தில் சுழி உருண்டு உருண்டு வரும். அகப்பட்டவனை வெளியே விடாது, மறுபடி மறுபடி உள்ளே இழுக்கும். சாலைக்கு அடியில் போகும் குழாய் வழியில் சிக்கியவன் மறுபுறம் பிணமாகத்தான் வருவான். வாயில் ஒரு கம்பித் தடுப்பு வைக்க எவ்வளவு செலவாகும்?

அதோடு, தண்ணீர் திறக்கும் செய்தி ஊருக்கு வருவதில்லை. விவசாயிக்கு வயலுக்கு நீர் வரும் தேதி தெரியும். வாய்க்காலில் நடுப்பகல் மாடு குளிப்பாட்டும் சிறுவனுக்கு, மேலே ஷட்டரைத் தூக்கியது தெரியாது.

ஆற்றிலோ வேறொரு கண்ணி. காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய இடங்களில் ஆள் ஆழத்துக்கும் மேலே குழிகள் கிடக்கின்றன. முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறவன் அடுத்த அடியில் காணாமல் போகிறான். தண்ணீர் வந்து மூடிய பிறகு குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்? ஆடிப் பெருக்குக்குப் புத்தாடை உடுத்தி ஆற்றுக்குப் போகிற குடும்பத்துக்குத் தெரியுமா? மணல் விற்ற காசு ஒருவருக்கு. குழியில் போன பிள்ளை இன்னொருவருக்கு! அள்ளியவன் மூடவேண்டும், அனுமதித்த அதிகாரி மூடியதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

கரைச் சாலைகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2018 நவம்பர் 24-ல் கர்நாடகத்தின் மண்டியா ஜில்லாவில் விஸ்வேஸ்வரய்யா கால்வாயில் ஒரு பஸ் கவிழ்ந்து 30 பேர் மாண்டார்கள். பள்ளிப் பிள்ளைகளும் அதில் உண்டு. கரையில் தடுப்புச் சுவர் இல்லை என்று அன்று நாடே பேசியது. 2023-லும் அதே கால்வாயில் கார்கள் விழுந்து மேலும் உயிர்கள் போயின. 2021 பிப்ரவரி 16-ல் மத்தியப் பிரதேசத்தின் சீதி ஜில்லாவில், பெரிய சாலையில் நெரிசல் என்று கால்வாய்க் கரை வழியாகத் திருப்பிய பஸ் உள்ளே விழுந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பரீட்சை எழுதப் புறப்பட்ட மாணவர்கள் பலர் அதில் இருந்தார்கள். நம் ஊர்க் கரைச் சாலைகளில் மினி பஸ் போகிறது. நடவு ஆட்களை ஏற்றிய டாடா ஏஸ் போகிறது. வளைவில் தடுப்பு எங்கே?

வாசலில் காத்திருக்கும் சாவு

வாய்க்காலை விட்டு வீட்டுக்கு வந்தால் அங்கும் நிம்மதி இல்லை.

2019 அக்டோபர் 25-ல் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில், வீட்டுக்கு அருகில் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தை கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நான்கு நாள் நாடே கண் விழித்தது. பெரிய பெரிய இயந்திரங்கள் வந்தன, மந்திரிகள் வந்தார்கள், பேரிடர் மீட்புப் படை வந்தது. 29-ந் தேதி பிணம்தான் கிடைத்தது. அந்தக் குழியின் வாயை ஓர் இரும்புத் தகடு மூடியிருந்தால் இத்தனையும் தேவைப்பட்டிராது.

சட்டம் இல்லாமல் நடந்ததா இது? இல்லை. 2010-லேயே சுப்ரீம் கோர்ட் தெளிவாகக் கட்டளையிட்டது. கிணறு தோண்ட 15 நாள் முன்னதாக அதிகாரிகளுக்கு அறிவிக்கவேண்டும். தோண்டும் கம்பெனி பதிவு பெற்றிருக்கவேண்டும். வேலை நடக்கும்போது சுற்றிலும் முள்கம்பி வேலி வேண்டும். குழாயைச் சுற்றித் தரைக்கு மேல் 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர் சிமெண்ட் மேடை வேண்டும். வாயை இரும்புத் தகட்டால் மூடவேண்டும். கைவிட்ட கிணற்றை மண்ணும் கல்லும் போட்டு அடியிலிருந்து மேல்வரை நிரப்பவேண்டும். இவை அனைத்தும் காகிதத்தில் இருந்தன. ஒன்பது வருஷம் கழித்து நடுக்காட்டுப்பட்டியில் குழி திறந்து கிடந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். சாவு நிகழ்ந்ததும் "நிலத்துக்காரன்தான் குற்றவாளி" என்று கைகாட்டி விடுகிறார்கள். சிறு விவசாயி நகையை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, முந்நூறு அடி, அறுநூறு அடி என்று துளைக்கிறான். தண்ணீர் வரவில்லை. குழாயை உருவி விற்றால்தான் கொஞ்சம் காசு திரும்பும். குழியை மூட அவன் கையில் என்ன இருக்கிறது? பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு போகிற ரிக் லாரிக்காரனுக்கோ பொறுப்பே இல்லை. வாயை மூடாமல் வண்டி நகரக்கூடாது, மூடும் செலவு தோண்டும் கூலியிலேயே அடங்கவேண்டும், பஞ்சாயத்து பார்த்துச் சான்று கொடுத்த பிறகே கடைசித் தவணை என்று ஆக்கினால் இந்த விஷயம் ஒரே வருஷத்தில் ஒழுங்குக்கு வரும்.

அதே 2019-ல் சுவர்களும் கொன்றன. ஜூன் 29-ல் புனாவின் கோந்த்வாவில், ஒரு அடுக்கு மாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் பக்கத்துத் தகரக் கொட்டகைகள் மேல் சாய்ந்தது. பிழைப்புத் தேடி வந்த கட்டடத் தொழிலாளிகளும் குடும்பத்தாருமாக 15 பேர் மாண்டார்கள். டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில், ஒரு பங்களாவின் கருங்கல் சுவர் அடைமழையில் இடிந்து ஆதிதிராவிடர் காலனி வீடுகள் மேல் விழுந்தது. 17 பேர்! இரண்டு இடத்திலும் செத்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்த ஏழைகள். நடூர் மக்கள் அந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்கூட்டியே முறையிட்டிருந்தார்கள். அதை யார் கேட்டார்கள்?

சுவர் திடீரென்று விழுவதில்லை. ஒரு புறம் மண் மேடாகி, மழையில் அந்த மண் நீரை உறிஞ்சிக் கனக்கும். நீர் வடியத் துளை இல்லாத சுவர் அந்தப் பாரத்தைத் தாங்காமல் வயிறு தள்ளும், விரிசல் விடும், சாயும். அதற்குப் பிறகுதான் விழும். இந்த அடையாளங்களைப் பார்க்க என்ஜினீயர் பட்டம் வேண்டாம். பார்த்துப் புகார் சொல்ல ஓர் இடமும், சொன்னால் வந்து பார்க்க ஓர் ஆளும்தான் வேண்டும். மில் லைன் வீடுகளில் குடியிருக்கும் தோழர்கள் தங்கள் பின்புறச் சுவர்களை மழைக் காலத்துக்கு முன் ஒரு தடவை சுற்றிப் பார்க்கவேண்டும்.

நகரத்திலும் கதை இதுதான். 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளத்தில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். வீட்டுக் கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதை 2013-ம் வருஷச் சட்டம் குற்றமாக்கியது. சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இருந்தும் தொழிலாளியை உள்ளே இறக்குவது நிற்கவில்லை. ஒருவன் மயங்குகிறான், காப்பாற்ற இறங்கிய இரண்டாமவனும் விழுகிறான். வாய்க்காலிலும் இதே சங்கிலிதான்.

மூன்று சாக்குகள்

அதிகாரிகளிடம் கேட்டால் மூன்று பதில் வருகிறது.

"ஜனங்களுக்குக் கவனம் போதாது" என்பது முதல் பதில். குடித்துவிட்டு ஆற்றில் இறங்குவதும், பந்தயம் கட்டிப் பாலத்திலிருந்து குதிப்பதும் தவறுதான். அதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு என்ன கவனம்? காலை ஏழு மணிக்கு நடவுக்குப் போகிற தாய், குழந்தையை வரப்பில் துணி விரித்துப் படுக்க வைத்துவிட்டுச் சேற்றில் குனிகிறாள். நிமிர்ந்தால் கங்காணியின் குரல். அவள் கண் எத்தனை இடத்தில் இருக்கும்? முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐந்து குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தவேண்டும் என்று 2005 ஊரக வேலைச் சட்டத்தில் எழுதினார்கள். வயலில் நாற்று நடும் பெண்ணின் குழந்தைக்கு மட்டும் வரப்புதான் தொட்டில்.

"நிதி இல்லை" என்பது இரண்டாவது பதில். கல்லணைக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் பிரதம மந்திரி அடிக்கல் நாட்டினார். கான்கிரீட்டுக்குக் கோடிகள் உண்டு. அதே கான்கிரீட்டில் ஊருக்கு ஊர் படி வெட்டவும் கைபிடி பதிக்கவும் மட்டும் நிதி இல்லையா? ஒரு சாவுக்குப் பிறகு கொடுக்கும் நிவாரணப் பணத்தில், முன்கூட்டியே ஒரு துறைக்குப் படியும் கம்பியும் போட்டிருக்கலாம்.

"எங்கள் இலாகா அல்ல" என்பது மூன்றாவது. வாய்க்கால் நீர்வளத் துறைக்கு, கரைச் சாலை நெடுஞ்சாலைக்கு அல்லது பஞ்சாயத்துக்கு, மணல் கனிமவளத் துறைக்கு, பிணம் போலீசுக்கு. உயிர் மட்டும் எந்த இலாகாவுக்கும் சொந்தமில்லை!

செய்ய முடியும்

இது தீராத வியாதி அல்ல. நம்மைவிட வசதி குறைந்த, ஊரெல்லாம் குளமும் வாய்க்காலுமான வங்காளதேசத்தில் வழி கண்டிருக்கிறார்கள். தாய் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் நேரத்தில்தான் குழந்தைகள் அதிகம் மூழ்குகின்றன என்று அங்கே கண்டறிந்தார்கள். அந்த நேரத்தில் ஊர்ப் பெண் ஒருத்தியின் பொறுப்பில் குழந்தைகளை ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அங்கே சேர்ந்த குழந்தைகளிடையே மூழ்கும் சாவு 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2022-ல் அந்நாட்டு சர்க்காரே 8,000 காப்பகங்களுக்குத் திட்டம் வகுத்தது. நம் நாட்டிலும் 2023 டிசம்பரில் மத்திய சுகாதார மந்திரிசபை மூழ்கும் சாவுகளைத் தடுக்க ஒரு திட்ட அறிக்கை வெளியிட்டது. அறிக்கை டில்லியில் இருக்கிறது. அது வாய்க்கால் கரைக்கு வர வேண்டும்.

ஆகவே நாம் கோருவது இது:

1. ஊரை ஒட்டி ஓடும் வாய்க்கால்களில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் படித்துறை, கைபிடிக் கம்பி. கான்கிரீட் போட்ட இடங்களில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு ஏணிப்படி, குறுக்குச் சங்கிலி.

2. மதகு, நீரொழுங்கி, குழாய் வழிகளில் வேலியும் கம்பித் தடுப்பும். கரைச் சாலை வளைவுகளில் தடுப்புச் சுவர்.

3. தண்ணீர் திறக்குமுன் ஊர் ஊராகத் தண்டோராவும் ஒலிபெருக்கி அறிவிப்பும்; காலியான லஸ்கர் பணியிடங்களை நிரப்புதல்.

4. மணல் குழிகளை அள்ளியவர் செலவிலேயே மூடுதல்; மூடும் வரை கொடி நட்டுக் காவல்.

5. மூடாத ஆழ்துளைக் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாத திறந்த கிணறு, சாய்ந்த சுவர் ஆகியவற்றைக் கிராம சபையில் பட்டியலிட்டு, நாள் குறித்துச் சரிசெய்தல். ஏழை விவசாயிக்குச் செலவை சர்க்கார் ஏற்றல்.

6. நடவு, களை, அறுப்புக் காலங்களில் அங்கன்வாடிகளைக் காலை ஏழு மணிக்கே திறத்தல். அதற்கான கூடுதல் ஆளும் கூடுதல் சம்பளமும் தருதல்.

7. பள்ளிகளில் ஆண் பெண் இரு பாலருக்கும் நீச்சல், மீட்பு, முதலுதவிப் பயிற்சி.

இவற்றில் ஒன்றுகூட வானத்து நட்சத்திரம் அல்ல.

நம் கையில் இருப்பது

சர்க்கார் செய்யும் வரை சும்மா இருப்போமா? நம் சங்கங்களே இன்று தொடங்கக்கூடிய வேலைகள் உண்டு.

ஒவ்வொரு துறையிலும் ஒரு நீண்ட மூங்கிலும், ஒரு நைலான் கயிறும், மூடி இறுகிய இரண்டு காலிக் கேன்களும் மரத்தில் கட்டித் தொங்கட்டும். ஒருவன் மூழ்கும்போது நீந்தத் தெரியாதவன் குதிக்கக் கூடாது. தெரிந்தவனும் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. மூழ்குகிறவன் கழுத்தைக் கட்டிக்கொண்டால் இருவரும் போவார்கள். கரையில் படுத்துக்கொண்டு மூங்கிலை நீட்டுங்கள். வேட்டியையோ சேலையையோ முறுக்கி எறியுங்கள். மிதக்கும் கேனைக் கயிற்றோடு வீசுங்கள். கூச்சல் போட்டு ஆள் கூட்டுங்கள்.

வெளியே எடுத்தவுடன் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது, உப்பில் புதைப்பது எல்லாம் பயனற்றவை; பொன்னான நிமிஷங்களை வீணாக்குபவை. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து இரண்டு தடவை மூச்சு ஊதவேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து வேகமாக, ஆழமாக, நிமிஷத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அழுத்தவேண்டும். முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. மறுபடி முப்பது, இரண்டு. சிறு குழந்தைக்கு ஒரு கை போதும். 108 வண்டி வரும் வரை நிறுத்தக் கூடாது. இதை ஒரு மாலை நேரத்தில் ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸிடமோ தீயணைப்பு நிலையத்தாரிடமோ கற்றுக்கொள்ளலாம். ஒவ்வொரு கிராமத்திலும், ஒவ்வொரு மில் வாசலிலும் பத்து வாலிபர்கள் கற்றுக்கொண்டால் போதும்.

அடுத்த கிராம சபை வரும்போது வெறுங்கையோடு போகவேண்டாம். உங்கள் ஊரில் திறந்து கிடக்கும் கிணறுகள் எத்தனை, படியில்லாத துறைகள் எத்தனை, சாய்ந்த சுவர்கள் எத்தனை, கடந்த ஐந்து வருஷத்தில் நீரில் போன உயிர்கள் எத்தனை என்று எண்ணி எழுதிக்கொண்டு போங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நகல் வாங்குங்கள். நகலைக் கலெக்டருக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகும் ஒரு சாவு நேர்ந்தால், "எங்களுக்குத் தெரியாது" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது.

வயலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்ட குரலோடேயே, கரைக்குக் காவல் வேண்டும் என்றும் கேட்போம். அடுத்த முறை தண்ணீர் திறக்குமுன் கம்பி நடப்பட வேண்டும். படி கட்டப்பட வேண்டும். குழி மூடப்பட வேண்டும். அதற்குரிய பட்டியலை இந்த வாரமே எழுதத் தொடங்குவோம்!